தலையாட்டல் இறுதியானது

பார்க்கிங் என்ற ஊரின் ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால், ஒரு காலத்தில் மீன் வைக்கும் குளிரறையாக இருந்த கட்டடம் ஒன்று வரும். அதற்குள்தான் கிழக்கிலண்டன் ஒன்றிணைந்த தமிழர் மேம்பாட்டு மகாமன்றம் இயங்குகிறது. தொடக்கத்தில் அது வெறும் மன்றமாகத்தான் இருந்தது. தலைவர் பதவிக்காகப் பிணக்குப்பட்டுப் போனவர்கள் தெருவின் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு மன்றம் தொடங்கியபடியால் இது மகாமன்றமாயிற்று. 'ஒன்றிணைந்த' என்ற சொல்லும் அந்தப் பிரிவுக்குப் பிறகு சேர்த்ததுதான்.

மீன் போனாலும் குளிரறைச் சுவர் போகவில்லை. அதன் தடிப்புக்கு உள்ளே கைபேசிச் சிக்னல் வராது. வாசலுக்கு மேல் பொருத்திய மகாமன்றத்தின் வைஃபை ஒன்றுதான் கதி. புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிற வயதானவர்கள் கனடாவிலுள்ள பேரப்பிள்ளைகளின் முகம் பார்ப்பதும், ஊரில் செத்தவீட்டை நேரலையில் பார்த்து அழுவதும் அதில்தான். ஒருநாள் அது மெதுவாக ஓடியது. வேறு யாராவது என்றால் நெட் மெதுவாக ஓடுகிறது என்று சொல்லியிருப்பார்கள். தலைவர் பத்மநாதனுக்கு உண்மை உடனே விளங்கிவிட்டது. எதிர்ப்பக்கத்து மன்றக்காரர் காரை வாசலில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளே இருந்து மகாமன்றத்தின் நெட்டைக் குடிக்கிறார்கள்.

பத்மநாதன் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் நம்பாமல் இருப்பதைச் சம்பளமில்லாத தொண்டாகவே செய்து வந்தார். செயற்குழு கூடியது. இனி ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு பெயர், ஒரு கடவுச்சொல், அவற்றைச் சரிபார்த்து உள்ளே விட ஒரு சேர்வர் என்று முடிவாயிற்று. சேர்வர் வந்த அன்று அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து மாலை போட்டார்கள். "ஆர் எங்கட ஆள், ஆர் இல்லை எண்டதை இண்டையில இருந்து இந்தப் பெட்டி சொல்லும். மனுசரை நம்பி நாங்கள் பட்டது காணும்," என்று பத்மநாதன் பேசினார். மனுசர்கள் கைதட்டினார்கள். பிறகு அந்தப் பெட்டியைச் சமையலறையை ஒட்டிய சாமான் அறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினார்கள். ஒரு திறப்பு பத்மநாதனிடம். மற்றது தவநாயகியிடம். அவர் உபதலைவி மட்டுமல்ல, புதன்கிழமைச் சமையலும் அவர்தான்.

இந்த வைபவங்களுக்கெல்லாம் கதிரை அடுக்குகிறவர் பரமேஸ்வரன். ஆயுளில் பாதியை இலண்டன் பஸ்சின் ஸ்டியரிங் வளையத்துக்குப் பின்னால் கழித்துவிட்டு ஓய்ந்தவர். மனைவி காலமாகிவிட்டார், மகன் இலண்டனின் மறுகோடியில், சட்டனில். சோற்றுக்காகவும் நாலு பேர் முகம் பார்க்கவும் புதன்கிழமைகளில் வருவார். அவரிடம் ஒரு வில்லங்கமான பழக்கம் இருந்தது. ஒருதரம் கண்ட முகத்தை மறக்க மாட்டார். பஸ்சில் காசு கொடுக்காமல் ஏறியவனைப் பல வருடம் கழித்துக் கோயில் தேர்த் திருவிழாவில் அடையாளம் கண்டவர் என்று அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர்தான் அவரை மாட்டிவிட்டது.

ஐப்பசி மாதத்து அந்தப் புதன்கிழமை காலை, செயற்குழுவைத் தவிர மற்ற எல்லாருக்கும் முதல் வந்து வாசலில் நின்றவர் நிஷாந்தன். முப்பது வயதுக்காரர். மனோர் பார்க்கில் ஒரு வீட்டில், ஷிப்ட் மாறி மாறி வேலைக்குப் போகும் பெடியன்களோடு, ஒரு கட்டில் வாடகைக்கு எடுத்து இருப்பவர். அவருடைய அகதி விண்ணப்பம் ஒருமுறை நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீட்டு விசாரணை அன்று பத்து மணிக்கு வீடியோவில் நடக்க இருந்தது. குறித்த நேரத்தில் திரையில் முகம் தெரியாவிட்டால் வழக்கு அவரில்லாமலே முடிந்துவிடலாம் என்று வக்கீல் எச்சரித்திருந்தார். வயதானவர்களுக்குப் பரிமாற வந்து உதவுகிறவர் என்று மகாமன்றம் அவருக்கு ஆதரவுக் கடிதம் கொடுத்திருந்தது. பின்னால் இருந்த சின்ன அறையையும் அன்றைக்கு ஒதுக்கியிருந்தது. ஒதுக்கியது தாங்கள்தான் என்பதைப் பிறகு ஒருவரும் நினைவு வைத்திருக்கவில்லை.

ஒன்பது மணி போல் பத்மநாதன் அலுவலக அறையிலிருந்து வெளியே வந்தார். முகம் வெளிறியிருந்தது. "சேர்வர் விழுந்திட்டுது," என்றார்.

"சாமான் அறைக்குள்ள போய் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாமே," என்றார் மெய்யப்பன். மலேசியாவில் ஈப்போவில் பிறந்து, படிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். மகாமன்றத்தின் பொருளாளர். எல்லா விஷயத்தையும் நேராகப் பார்க்கும் குறைபாடு அவருக்கு உண்டு.

"தாக்குதல் நடந்த இடத்துக்குள்ள போகப்படாது. தடயம் கெட்டுப்போகும்," என்றார் பத்மநாதன்.

"மெய்தான், ஒருத்தரும் உள்ள போகவேண்டாம்," என்று சமையலறைக்குள்ளிருந்து தவநாயகி வழிமொழிந்தார். சோறு வேகும் மணம் வந்தது.

முதல் கட்டளை, ஒருவரும் போனைத் தொடக்கூடாது. நெட்டில் ஓட்டை விழுந்திருக்கும் நேரத்தில் யாராவது போனை இயக்கினால் மகாமன்றத்தின் இரகசியங்கள் தெருவுக்கு ஓடிவிடும். வந்தவர்கள் எல்லாரும் போனை நிறுத்தி, பாயசம் காய்ச்சும் கிடாரத்துக்குள் போட வேண்டும் என்று சொல்லப்பட்டது. கிடாரத்துக்கு மூடி போட்டு, மூடிக்கு மேல் ஒரு தேங்காய் வைத்தார்கள். மகாமன்றத்தின் இரகசியங்கள் என்னவென்று பரமேஸ்வரனுக்குத் தெரியாது. போன வருட ஆண்டுவிழாவில் வடை காணாமல் போனது பற்றியதாக இருக்கலாம் என்று நினைத்தார்.

பிறகு அவசரச் செயற்குழு நின்றபடியே கூடியது. பெட்டி விழுந்தாலும் நெட் நிற்கக்கூடாது. கனடாவில் பிள்ளைகள் காத்திருப்பார்கள். ஆனால் கண்டவரையும் உள்ளே விடவும் முடியாது. ஆகவே பெட்டியின் வேலையை மனிதர் செய்ய வேண்டும். ஒவ்வொருவரிடமும் நாலு கேள்வி கேட்பது என்று தீர்மானமாயிற்று. ஊர் எது, கோயில் எது, வீடு எந்த வீதிப்பக்கம், ஆற்றை ஆக்கள், அதாவது யாருடைய ஆட்கள். நாலாவதற்கு வேண்டிய விடையை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. முதல் மூன்றையும் கேட்பதே அதற்காகத்தான். கேள்விகளைக் கடந்தவரை, முகம் மறக்காத பரமேஸ்வரன் வாசலில் கதிரை போட்டு இருந்து பார்ப்பார். ஆளைத் தெரியும் என்றால் தலையாட்டுவார். அதற்குப் பிறகுதான் போனும் உட்கதவும்.

"ஓம் எண்டு வாயால சொன்னால் காணாதோ?" என்று பரமேஸ்வரன் கேட்டார்.

"வாயால சொன்னால் எதிர்ப்பக்கத்துக்குக் கேட்கும்," என்றார் பத்மநாதன். "தலையை மட்டும் ஆட்டுங்கோ. உங்கட தலையாட்டல் இறுதியானது. பேந்து ஒருத்தரும் கேள்வி கேக்க ஏலாது. இது தீர்மானம்."

தலையாட்டல் என்ற சொல் பரமேஸ்வரனுக்குப் புதிதல்ல. இளவயதில் ஒருநாள், இலங்கை இராணுவத்தினர் அவருடைய ஊரைச் சுற்றி வளைத்து ஆம்பிளைகள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நடத்தினார்கள். வரிசையின் முடிவில் ஜீப் ஒன்று. ஜீப்புக்குள் சாக்கால் முகம் மூடிய ஒருவன், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. தலையாட்டி என்று அவனைச் சொல்வார்கள். அவன் தலை ஆடினால் முன்னால் நிற்பவரைப் பிடித்துப் போவார்கள், பிறகு ஆள் இல்லை. பரமேஸ்வரனுக்கு முன்னால் நடந்தவன் அவரோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். சாக்கு ஆடியது. அந்தச் சாக்குக்குள் இருந்தவனைப் பரமேஸ்வரன் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவன் யாரென்றும் தெரியாது. ஊர்க்காரன் என்பது மட்டும் நிச்சயம், இல்லாவிட்டால் முகங்கள் தெரிந்திருக்காது. ஆகவே தன் வயதுள்ள ஊர்க்காரர் யாரைக் கண்டாலும் கண்களைத்தான் முதலில் பார்ப்பார். பத்மநாதன்தான் அவன் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. இல்லை என்றும் நினைத்ததில்லை.

அப்படிப்பட்டவரைத்தான் கதிரையில் இருத்தினார்கள். முதலில் வந்தது ஒரு வயதான அம்மா. நாலு கேள்விக்கும் கேட்காத உறவுகளையும் சேர்த்து விடை சொன்னார். பரமேஸ்வரனுக்கு அவரை நன்றாகத் தெரியும். ஆனால் கழுத்து அசையவில்லை.

"ஆட்டுங்கோவன் பரம், ஆக்கள் நிக்கினம்."

கண்ணை மூடிக்கொண்டு ஆட்டினார். அம்மா கிடாரத்திலிருந்து தன் போனை எடுத்து இயக்கினார். நெட் வந்தது. இன்னும் விடியாத ரொறன்ரோவில் ஒரு பேத்தி நித்திரைக் கலக்கத்தில் கையசைத்தாள். தலையாட்டினால் நெட் வருகிறது என்பதை எல்லாரும் கண்ணால் கண்டார்கள். எப்படி வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. பரமேஸ்வரனும் கேட்கவில்லை, தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"பாத்தியளோ, பெட்டியை விட எங்கட ஆள் சுறுக்கு," என்றார் பத்மநாதன். அடுத்தடுத்துத் தலைகள் வந்தன, தலை ஆடியது, நெட் வந்தது. பரமேஸ்வரனின் தலையாட்டலில் உரத்து ஆட்டினால் வீடியோ தெளிவாக வருகிறது, சும்மா ஆட்டினால் சத்தம் மட்டும்தான் வருகிறது என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். மெதுவாக ஆட்டியதால் தனக்குப் படம் உறைந்து நிற்கிறது என்று இன்னொருவர் திரும்பி வந்து மறுபடி ஆட்டச் சொன்னார்.

மெய்யப்பனின் முறை வந்தது.

"ஊர்?"

"ஈப்போ."

"அது ஊரோ?"

"ஊர்தாங்க. நான் பிறந்த ஊர்."

"அங்க உங்களை எங்கட ஆக்கள் ஆருக்குத் தெரியும்?"

"இங்கதான் எல்லாருக்கும் தெரியுமே. செயற்குழுவுல உங்க பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கேன்."

"அது பக்கத்தில இருக்கிறது, மெய்யப்பன். நான் கேக்கிறது வேர்," என்றார் பத்மநாதன். கோபமே இல்லாமல், அன்பாகத்தான் சொன்னார். பொருளாளரை நடைவழியில் ஒரு வாங்கில் இருத்தி, நிலுவையில் உள்ளவர் என்று அறிவித்தார்கள். மெய்யப்பன் பேப்பரை விரித்துக்கொண்டார்.

பத்து மணியாகக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கடைசிக்குப் போகச் சொல்லித் தள்ளிவிடப்பட்ட நிஷாந்தன் அப்போதுதான் முன்னுக்கு வந்தார். நல்ல சேர்ட் போட்டிருந்தார். கழுத்துப் பொத்தான் இறுக்கம்.

"ஊர்?"

"எதைச் சொல்ல? பிறந்தது ஒரு இடம். நடக்கப் பழகமுதல் இடம்பெயர்ந்திட்டம். பேந்து ஒவ்வொரு வரியமும் ஒவ்வொரு இடம். படிச்சது அகதிக் காம்பில."

"கோயில்?"

"இருந்த இடத்தில எது கிட்டவோ அது."

"ஆற்றை ஆக்கள்?"

"அம்மாவின்ர. அவவும் இப்ப இல்லை."

பத்மநாதன் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஊரில்லை, கோயிலில்லை, சொந்தமில்லை. ஒண்டுமே இல்லாத ஆள் சும்மா வரமாட்டுது. ஆரோ அனுப்பித்தான் வந்திருக்கும். சேர்வர் விழுந்த நாளாப் பாத்து காலமையே வந்து நிண்டதும் இவர்தான்."

"ஐயா, எனக்கு இண்டைக்குக் கோர்ட். பத்து மணிக்கு. நீங்கள்தான் அறை தந்தனீங்கள்."

"அதைத்தான் நானும் சொல்லுறன். உமக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு."

பரமேஸ்வரன் நிஷாந்தனைப் பார்த்தார். பள்ளிக்கூட வாங்கில் பக்கத்தில் இருந்தவனும் அன்று பொத்தானை இப்படித்தான் இறுக்கப் போட்டிருந்தான் என்பது நினைவுக்கு வந்தது.

"உவர் என்ர பெரியம்மாவின்ர பேரன்," என்றார். சொல்லிவிட்டுத் தலையை ஆட்டினார்.

பெரியம்மா என்று அவருக்கு ஒருவருமே இருக்கவில்லை. பத்மநாதன் கண்ணைச் சுருக்கினார். "இவ்வளவு நாளும் ஒரு கதை சொல்லேல்லையே?"

"குடும்பத்தில பிணக்கு."

அதற்குமேல் ஒருவரும் கேட்கவில்லை. பிணக்கில்லாத சொந்தம் என்று சொல்லியிருந்தால்தான் சந்தேகம் வந்திருக்கும். கதவு திறந்தது. சின்ன அறை வரைக்கும் பரமேஸ்வரன் கூடப் போனார். கிடாரத்திலிருந்து போனை எடுக்க மறந்துவிட்டோமே என்று அவர் பதற, நிஷாந்தன் தன் உட்சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"நான் போடேல்லை ஐயா. பயத்தில காலமையே நெட் வருதோ எண்டு பாத்தனான். அப்பவே வந்திட்டுது, பெயர், கடவுச்சொல் ஒண்டும் கேக்கேல்லை. சொன்னால் நான்தான் சேர்வரைக் கெடுத்தனான் எண்டுவினம். அறைக்குள்ள விடத்தான் ஒரு ஆள் தேவைப்பட்டது."

பரமேஸ்வரனுக்கு அது சரியாக விளங்கவில்லை. "நீர் போய் உம்மட வேலையைப் பாரும்," என்று கதவைச் சாத்தினார். விசாரணை முடிந்து வந்தபோது நிஷாந்தனின் சேர்ட் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. தீர்ப்புப் பிறகு வரும் என்றார்.

சேர்வரைப் பொருத்திய கொம்பனியிலிருந்து சஞ்சய் என்ற பெடியன் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேர்ந்தார். இங்கே பிறந்தவர். தடயம் பற்றிய விளக்கம் முடியுமுன்பே சாமான் அறைக்குள் போய்விட்டார். உடனே வெளியே வந்தார்.

"அங்கிள், சேர்வர் பிளக் கழட்டிக் கிடக்கு. அந்த இடத்தில ரைஸ் குக்கர் போட்டிருக்கு."

எல்லாரும் தங்கள் தட்டிலிருந்த சோற்றைப் பார்த்தார்கள். பிறகு தவநாயகியைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்கள். புதன்கிழமைக்கு வேறு யாரும் சமைக்க ஆயத்தமாக இல்லை. தவநாயகி அப்பளம் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு வந்தார். எல்லாரும் வேண்டும் என்றார்கள்.

"இதைவிட நாங்கள் மாற்று ஏற்பாடு செய்து நெட்டைக் காப்பாத்தினம்," என்று பத்மநாதன் கதையை மாற்றினார். சஞ்சய்க்குத் தலையாட்டலை விளக்கினார்கள். அவர் தன் மடிக்கணினியைத் திறந்து பார்த்தார்.

"அங்கிள், சேர்வர் டவுண் எண்டால் எல்லாரையும் உள்ள விடும். அதுதான் செட்டிங். என்ன நடந்தாலும் நெட் நிக்கக்கூடாது எண்டு நீங்கள்தானே கேட்டனீங்கள். காலமையில இருந்து ஓப்பின். தலை ஆட்டாட்டிலும் வந்திருக்கும்."

வாசலில் கிடந்த கதிரையைப் பரமேஸ்வரன் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு காலமும் வெறுத்த வேலையை ஒரு காலை முழுக்கச் செய்திருக்கிறார், அதுவும் ஒன்றுக்கும் உதவாமல். பத்மநாதனோ தளரவில்லை. "அப்ப கதவு திறந்து கிடந்தும் எங்கட ஆக்கள் ஒருத்தரும் அனுமதி இல்லாமல் உள்ள போகேல்லை. இதுதான் ஒழுக்கம்," என்றார்.

"ஒரு போன் போயிருக்கு," என்றார் சஞ்சய். "எல்லாருக்கும் முதல். ஆற்றை எண்டு தெரியாது."

பத்மநாதனின் முகம் மலர்ந்தது. ரைஸ் குக்கரைப் பற்றிப் பேச வேண்டிய அவசியம் இனி இல்லை. எல்லாரும் போனைக் கிடாரத்தில் போட்ட வேளையில் ஒளித்து வைத்திருந்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் ஏன் ஒளித்தார்? ஒளித்தவர்தான் எல்லாம் செய்தவர். எதிர்ப்பக்கத்து மன்றத்தின் ஆள். அடுத்த புதன்கிழமை விசாரணை என்று அறிவித்தார். ஆள் பிடிபட்டால் உறுப்புரிமை நீக்கம், மகாமன்றம் கொடுத்த கடிதம் எதுவானாலும் வாபஸ், காரணத்தையும் எழுதி அனுப்புவது. பரமேஸ்வரன் நிஷாந்தனைப் பார்க்கவில்லை. பார்த்தால் மற்றவர்களும் பார்ப்பார்கள் என்று பயந்தார்.

அந்தக் கிழமை முழுக்கப் பரமேஸ்வரன் கணக்குப் போட்டுப் பார்த்தார். சுகமில்லை என்று சொல்லிப் போகாமல் விட்டால், ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். நிஷாந்தனை வரவேண்டாம் என்று சொன்னால், வராதவர்தான் ஆள் என்பார்கள். மகாமன்றத்தில் எதைச் செய்தாலும் அது ஒரு சாட்சியம். புதன்கிழமை இருவரும் ஒரே பஸ்சில் போய், தெரியாதவர்கள் மாதிரி ஒருவர் பின் ஒருவராக உள்ளே நுழைந்தார்கள்.

மண்டபத்தில் அதே கதிரை. இந்த முறை மேடைக்கு முன்னால், நடுவில் போட்டிருந்தது.

"அண்டைக்கு ஆக்களை உள்ள விடத் தலையாட்டினவர் இண்டைக்கு ஆளைக் காட்டித் தலையாட்டுவார்," என்றார் பத்மநாதன். "கிடாரத்துக்குள்ள ஆர் போன் போட்டது, ஆர் போடேல்லை எண்டு வாசலில இருந்து பாத்தவர் பரம். அவருக்கு முகம் மறக்காது. எல்லாரும் வரிசையா இவருக்கு முன்னால நடந்து போவம். ஒருத்தருக்கும் அவமானம் இல்லாத, பண்பான முறை. வாய் பேசத் தேவையில்லை. தலையாட்டல் இறுதியானது."

கூட்டம் வரிசையாயிற்று. நடுவில் எங்கோ நிஷாந்தன், மறுபடியும் இறுக்கிய பொத்தானோடு. பரமேஸ்வரனுக்குத் தன் முகத்தில் சாக்கு உரசுவது போலிருந்தது. கையை எடுத்துக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏன் ஆக்கள் முழுசுறியள்? எப்பிடி நடக்கிறது எண்டு நான் காட்டுறன்," என்று பத்மநாதன் வரிசைக்கு முன்னால் வந்தார். "இப்பிடி வாறது. இவருக்கு முன்னால இப்பிடி நிக்கிறது. முகத்தை நேராக் காட்டுறது. பேந்து—"

பரமேஸ்வரன் அவருடைய கண்களைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"பரம், இது ஒத்திகை."

பரமேஸ்வரன் மறுபடியும் ஆட்டினார். இந்த முறை கண்ணை மூடவில்லை. உரத்து, வீடியோ தெளிவாக வரும் விதமாக ஆட்டினார்.

"இந்தாள் என்ன செய்யுது? ஆராவது கேளுங்கோவன்."

"கேட்க முடியாதுங்க," என்று மெய்யப்பன் பேப்பரை மடித்து வைத்தார். "தலையாட்டல் இறுதியானது. நீங்கதான் தீர்மானம் போட்டீங்க."

"நான் தலைவர்."

"அது பக்கத்துல இருக்கிறதுங்க."

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் பத்மநாதனைப் பார்த்தார்கள், அவர் அவர்களுக்குப் பழக்கிய அதே பார்வையில். தலைவர் தன் போனைக் கிடாரத்துக்குள் போட்டதை யாராவது கண்டீர்களா என்று ஒருவர் மெல்லக் கேட்டார். யாரும் கண்டிருக்கவில்லை. தலைவர் என்றபடியால் அவர் போடவில்லை. காலையில் முதலில் அலுவலக அறையில் தனியே இருந்ததும் அவர்தானே என்றார் இன்னொருவர். எதிர்ப்பக்கத்து மன்றத்தின் செயலாளர் இவருடைய மச்சான் முறையல்லவா என்று மூன்றாமவர் நினைவு கூர்ந்தார். சாப்பாடு ஆறுகிறது என்று தவநாயகி கூப்பிட்டார். ஆள் பிடிபட்டபடியால் வரிசை கலைந்தது.

பரமேஸ்வரன் கதிரையை மடித்துச் சுவரோடு சாய்த்தார். செய்தது சரியா என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு கடிதம் வாபஸ் ஆகவில்லை என்பது மட்டும் தெரிந்தது. நிஷாந்தன் இரண்டு தட்டோடு வந்து பக்கத்தில் இருந்தார்.

"சாப்பிடுங்கோ பெரியப்பா," என்றார்.

பத்மநாதன் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வாசலுக்கு எதிரே நிறுத்தியிருந்த தன் காருக்குள் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, போனை எடுத்தார். அன்றும் புதன்கிழமை, அன்றும் தவநாயகி சேர்வரைக் கழற்றிவிட்டு ரைஸ் குக்கரைச் செருகியிருந்தார். பத்மநாதனின் போனுக்கு மகாமன்றத்தின் நெட், ஒன்றும் கேட்காமல், உடனே வந்தது.